திருவருகைக் காலத்தில் நாம் செய்யும் தவறுகள்

தி.நகரிலும் பாரிமுனையிலும் நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்ததுமே நமக்குக் கிறிஸ்துமஸ் வந்துவிடுகிறது. டிசம்பர் முதல் வாரத்திலேயே ஆபீஸ் கேக், அப்பார்ட்மென்ட் விழா எல்லாம் முடிந்துவிடும். 25-ஆம் தேதி களைத்துப்போய், 26-ஆம் தேதி நட்சத்திரத்தைக் கழற்றி வைக்கிறோம். திருவழிபாட்டுக் கணக்கில் கிறிஸ்துமஸ் காலம் 24 மாலையில்தான் தொடங்குகிறது. ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை அது நீளும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலம் காத்திருப்பதற்கானது.

ஆபீஸில் கூப்பிட்டால் போய்வாருங்கள், அதில் தப்பில்லை. வீட்டுக் குடிலில் மட்டுமாவது 24 இரவு வரை குழந்தை இயேசு சுரூபத்தை வைக்காதீர்கள். தீவனத்தொட்டி காலியாக இருப்பதைப் பார்த்து, "பாப்பா எப்ப வரும்?" என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். நச்சரிக்கட்டும், அந்த ஆசை வளரத்தானே நான்கு வாரம்!

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. குருவானவரின் ஊதா உடையைப் பார்த்ததும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் போல முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வது. ஞாயிறு திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை, உண்மைதான். ஆனால் தவக்காலத்தில் நிறுத்திவிடும் அல்லேலூயாவை இப்போது நிறுத்துவதில்லை. மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு, குருவானவர் ரோஸ் நிற உடை அணியலாம். வாரம் ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுதிரிகள் கொண்ட திருவருகை வளையத்தில் இருக்கும் ரோஸ் மெழுகுதிரியும் அன்றைக்குத்தான். அதைக் கடைசி வாரத்துக்கு என்று எடுத்து வைத்துவிடாதீர்கள்.

அந்த மகிழ்ச்சி ஞாயிறைத்தான் நாம் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறோம் என்பது என் எண்ணம். ஞாயிறு வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் முதலாம் ஆண்டில் (2025 டிசம்பர் 14 அப்படி வந்தது) அன்றைய நற்செய்தியில் திருமுழுக்கு யோவான் சிறையில் இருக்கிறார். வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்கவா என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார். பார்வையற்றோர் பார்க்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி கிடைக்கிறது, கண்டதைப் போய்ச் சொல்லுங்கள் என்று இயேசு பதில் அனுப்புகிறார். சிறைக்கதவு திறக்கவில்லை. மகிழ்ச்சி ஞாயிறுக்குத் திருச்சபை தேர்ந்தெடுத்த வாசகம் இது! அப்படியிருக்க, கஷ்டமெல்லாம் தீர்ந்த பிறகுதான் சந்தோஷப்படலாம் என்று நாம் ஏன் தள்ளிப்போட வேண்டும்? "இந்த வருஷம் துக்கம், எங்களுக்குக் கிறிஸ்துமஸ் கிடையாது" என்று சொல்லும் வீட்டாரிடம், "எல்லாத்தையும் மறந்துட்டு சிரிங்க" என்று வற்புறுத்துவதும் தவறுதான். நட்சத்திரம் வேண்டாம், சரி. ஞாயிறு மாலை அவர்களோடு உட்கார்ந்து ஒரு மெழுகுதிரி ஏற்றலாமே.

பொறுமை என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று நினைப்பது அடுத்த தவறு. அதே ஞாயிறின் இரண்டாம் வாசகமான யாக்கோபு திருமுகத்தில் யாக்கோபு காட்டுவது, முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் விவசாயியை. உழுது விதைத்தவர்தான் மழைக்குக் காத்திருக்க முடியும். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015-இல் திருவருகை முதல் ஞாயிறு நவம்பர் 29, அடுத்த சில நாட்களில் பெருவெள்ளம். 2023-இல் டிசம்பர் 3, அன்றிரவே மிக்ஜாம் புயல் மழை. தண்ணீர் வடியவும் கரண்ட் வரவும் காத்திருந்த அந்த நாட்களில் சோறு பொங்கிப் பொட்டலம் கட்டியவர்களும் காத்திருந்தவர்கள்தான்.

யாக்கோபு அங்கேயே இன்னொன்றும் சொல்கிறார்: ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்லாதீர்கள். டிசம்பரில் பங்கு ஆலயங்களில் நடப்பதைப் பார்த்தால் இது நமக்கே எழுதியது போலிருக்கும். வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் குழு யார் வீட்டுக்கு முதலில் போனது, எங்கள் தெருவுக்கு ஏன் ராத்திரி பதினொரு மணிக்கு வந்தது, யார் எவ்வளவு காணிக்கை கொடுத்தார்கள்... இதிலேயே பாதி மாதம் போய்விடும். குழுவில் இருப்பவர்கள் இந்த முறை பட்டியல் போடும்போது, படுக்கையில் இருக்கும் பெரியவர்கள் வீட்டை முதலில் எழுதுங்கள், அவர்கள் எட்டு மணிக்கெல்லாம் தூங்கிவிடுவார்கள். துக்க வீட்டையும் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். பாட்டு வேண்டாம் என்றால் ஒரு ஜெபம் மட்டும் சொல்லிவிட்டு வரலாம்.