சுத்திகரிப்பாலையில் பாஸ்பரஸ்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணெய்ச் சுத்திகரிப்பாலைகளின் கழிவுநீர்ப் பிரிவுக்குப் புதிதாக வரும் பொறியாளர்கள், எங்கள் தலைமுறை செய்து தீர்த்த பிழைகளையே திரும்பவும் செய்வதைப் பார்க்கும்போது, எழுதி வைக்காமல் விட்டது எங்கள் குறைதான் என்று தோன்றுகிறது. அமிலத்தைக் கையுறையுடன் கையாளுவது, மருந்தூட்டும் பம்ப்பை முறையாகச் சரிபார்ப்பது போன்றவற்றை எந்தக் கையேடும் சொல்லிவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்தியாவில் 2008 மார்ச் மாதம் அறிவிக்கப்பட்ட தரங்களின்படி, சுத்திகரிப்பாலையிலிருந்து வெளியேறும் நீரில் பாஸ்பரஸ் லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் ஆலைகளில் இந்தப் பாஸ்பரஸ் பெரும்பாலும் கச்சா எண்ணெயோடு வந்து சேர்வதில்லை. குளிர்கோபுர நீரில் அரிப்பைத் தடுக்கவும், கொதிகலனில் படிவைத் தடுக்கவும், உயிரியல் சுத்திகரிப்புத் தொட்டியில் நுண்ணுயிரிகளுக்கு உணவாகவும் நாமே விலை கொடுத்து வாங்கிச் சேர்க்கிறோம். ஆகவே அது எந்த இடத்தில் சேர்கிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்ற கணக்கு முழுவதும் நம் கையிலேயே இருக்கிறது.

பாஸ்பரஸா, பாஸ்பேட்டா?

தரம் பாஸ்பரஸாகக் கணக்கிடப்படுகிறது. குளிர்கோபுர மருந்து விற்பவர்களின் அறிக்கையோ பெரும்பாலும் பாஸ்பேட்டாகத் தரப்படுகிறது. ஒரே நீரைப் பாஸ்பேட்டாக எழுதும்போது எண் ஏறத்தாழ 3.07 மடங்கு பெரிதாக இருக்கும். அறிக்கையில் 9 என்று பார்த்துப் பதறுவதற்கு முன்பும், 3 என்று பார்த்து நிம்மதி அடைவதற்கு முன்பும், எந்த அலகில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்த்தோபாஸ்பேட் சோதனையை மட்டும் நம்புவது

மாலிப்டேட் சேர்த்து நிறத்தை அளக்கும் சோதனையில் நிறம் கொடுப்பது ஆர்த்தோபாஸ்பேட் (வேறு எதோடும் பிணையாத எளிய பாஸ்பேட்) மட்டுமே. குளிர்கோபுரத்தில் பயன்படும் பாஸ்பொனேட்டுகள் (கரிமப் பொருளோடு பிணைந்த பாஸ்பரஸ் மருந்துகள்), மாதிரியைப் பெர்சல்பேட் சேர்த்துச் சூடாக்கிச் சிதைத்த பிறகுதான் கணக்கில் வரும். ஷிப்டு ஆய்வகத்தின் எண்ணும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் இங்கே தேடுங்கள்.

எல்லை நெருங்கியதும் நுண்ணுயிரிகளின் உணவை நிறுத்துவது

எனக்கு இன்றும் ஆத்திரம் மூட்டும் தவறு இது. புளித்த நீர் அகற்றியிலிருந்து (சல்பைடும் அம்மோனியாவும் கலந்த ஆலை நீரை நீராவியால் தூய்மையாக்கும் கோபுரம்) அம்மோனியா தொடர்ந்து வந்துகொண்டிருப்பதால், சுத்திகரிப்பாலைக் கழிவுநீரில் நைட்ரஜனுக்குப் பொதுவாகப் பஞ்சமில்லை. பாஸ்பரஸ் மட்டும் கிட்டத்தட்ட இருக்காது. அதனால்தான் உயிரியல் சுத்திகரிப்பு நடக்கும் காற்றூட்டத் தொட்டியில் பாஸ்பாரிக் அமிலம் சேர்க்கிறோம். வெளியேறும் நீரில் பாஸ்பரஸ் கூடியதும், ஆலையிலேயே கண்ணுக்குத் தெரியும்படி பாஸ்பரஸ் ஊற்றும் இடம் அதுவாக இருப்பதால், எல்லோருடைய கையும் முதலில் அந்த வால்வுக்குத்தான் போகிறது.

ஒரு ஆலையில் கடைசிக் காப்புக் குளத்து (வெளியேறும் முன் நீர் தேங்கும் குளம்) நீரின் பாஸ்பரஸ் எல்லையை நெருங்கிவிட்டது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வர, அமிலப் பம்ப்பை அடியோடு நிறுத்திவிட்டார்கள். முதல் சில நாட்கள் எந்த மாற்றமும் தெரியாததால் செலவும் மிச்சம், பிரச்சினையும் தீர்ந்தது என்று எண்ணினார்கள். ஆனால் நுண்ணுயிரிகள் தங்கள் உடலில் சேர்த்து வைத்திருந்த பாஸ்பரஸ் தீர்ந்த பிறகு, தொட்டியின் மேல் வெண்ணிற நுரை கட்டியது. சேறு (தொட்டியில் வளரும் நுண்ணுயிரித் திரள்) வழவழப்பாகி, படிவுத் தொட்டியில் அடியில் தங்காமல் மேலே எழும்பியது. பாஸ்பரஸ் கிடைக்காத நுண்ணுயிரிகள் புதிய செல்களைக் கட்ட முடியாமல், உண்ட கரிமப் பொருளைப் பிசுபிசுப்பான சர்க்கரைப் படலமாக வெளியே தள்ளிவிடுகின்றன. இந்தியன் மை கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால், மை நுழைய முடியாத இடங்களெல்லாம் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். அந்த ஆலையில் அதைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்துப் பீனால் கூடியது. வேதி ஆக்ஸிஜன் தேவை கூடியது. படிவுத் தொட்டியைத் தாண்டி மிதக்கும் திண்மங்கள் குளத்துக்குள் போயின. சேற்றின் உலர் எடையில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை பாஸ்பரஸ் இருக்கும் என்பதால், லிட்டருக்கு 100 மில்லிகிராம் திண்மம் தப்பிப் போனாலே அதோடு 1 முதல் 2 மில்லிகிராம் பாஸ்பரஸும் போய்விடுகிறது. குறைப்பதற்காகச் செய்த வேலையே அளவைக் கூட்டியது. பயந்துபோய் அமிலத்தை ஒரேயடியாக ஊற்றியபோது நிலைமை மேலும் கெட்டது. சேறு பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று.

இவ்வளவுக்கும் குளத்தில் இருந்த பாஸ்பரஸ் அமிலத்திலிருந்து வந்ததே அல்ல. குளிர்கோபுரப் புளோடவுன் (உப்புச் சேராமலிருக்கக் கோபுரத்திலிருந்து வெளியேற்றும் நீர்) குழாய், உயிரியல் தொட்டியைச் சுற்றிக்கொண்டு நேரே காப்புக் குளத்தில் விழுந்துகொண்டிருந்தது. நுண்ணுயிரிகள் அந்தப் பாஸ்பரஸைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. பட்டினி கிடந்தவை ஓரிடத்தில், மிச்சம் சேர்ந்தது வேறிடத்தில். ஒவ்வொரு ஓடையிலும் ஒரு மாதிரி எடுத்து, ஓட்ட அளவால் பெருக்கி, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று எழுதிப் பார்த்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும்.

பம்ப்பைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். படிவுத் தொட்டியிலிருந்து வழியும் நீரை வடிகட்டி, அதிலுள்ள ஆர்த்தோபாஸ்பேட்டைப் பாஸ்பரஸாக அளந்து பாருங்கள். லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவில் மிச்சம் நின்றால் நுண்ணுயிரிகளுக்குப் போதிய உணவு கிடைக்கிறது என்று கொள்ளலாம். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் பட்டினி தொடங்கிவிட்டது. கூட்டுவதானாலும் குறைப்பதானாலும் சிறிய படிகளாகச் செய்து, சேற்றின் படியும் தன்மையைத் தினமும் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

100:5:1 விகிதத்தை வேதவாக்காகக் கொள்வது

உயிரியல் ஆக்ஸிஜன் தேவை (பி.ஓ.டி.), நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றுக்கான அந்த விகிதம் தொடக்கக் கணக்குக்கு மட்டும் உரியது. சேற்றை நீண்ட நாள் வைத்திருக்கும் தொட்டிகளில் புதிய செல் வளர்ச்சி குறைவு என்பதால், பாஸ்பரஸ் தேவையும் குறையும். 85 விழுக்காட்டுப் பாஸ்பாரிக் அமிலத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 450 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால், தேவைக்கு மேல் போகும் ஒவ்வொரு லிட்டரும் எவ்வளவு என்பது புரியும்.

அமிலத்துக்குப் பதில் டி.ஏ.பி. மூட்டையைக் கொட்டுவது

டி.ஏ.பி. என்பது டைஅம்மோனியம் பாஸ்பேட் உரம். ஏற்கெனவே அம்மோனியா மிகுந்த நீரில் மேலும் அம்மோனியாவைச் சேர்க்காதீர்கள்.

உலோக உப்பைத் தவறான இடத்தில் சேர்ப்பது

பெரிக் குளோரைடு அல்லது படிகாரம் பாஸ்பேட்டை வீழ்படிவாக்கும் என்பது உண்மைதான். ஆனால் காற்றூட்டத் தொட்டிக்கு முன்பே அதைச் சேர்த்தால் நுண்ணுயிரிகளின் பங்கையும் அது எடுத்துக்கொள்ளும். தொட்டிக்குப் பின் சேர்த்தாலும் காரத்தன்மையை அது தின்னும் என்பதால் பி.ஹெச். அளவை விடாமல் பாருங்கள். வெளியேறும் நீரில் அது 6-க்குக் கீழே இறங்கக் கூடாது.

புளோடவுனைக் கணக்கில் எடுக்காமல் அமிலம் வாங்குவது

புளோடவுனில் உள்ள ஆர்த்தோபாஸ்பேட்டை உயிரியல் தொட்டிக்குத் திருப்பி உணவாகப் பயன்படுத்தினால், அமிலச் செலவும் வெளியேற்றமும் ஒன்றாகக் குறைய வழி உண்டு. அதற்கு முன், அந்த நீரில் குளோரினும் பிற உயிர்க்கொல்லிகளும் எவ்வளவு மிச்சம் நிற்கின்றன, உப்புச் செறிவு எவ்வளவு, கூடுதல் ஓட்டத்தைப் படிவுத் தொட்டி தாங்குமா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். பாஸ்பொனேட்டாக இருக்கும் பங்கு நுண்ணுயிரிகளுக்கு எளிதில் கிடைக்காது என்பதால், மொத்தப் பாஸ்பரஸை அல்லாமல் ஆர்த்தோபாஸ்பேட்டை மட்டுமே உணவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். உயிர்க்கொல்லி சேர்க்கும் நாட்களில் புளோடவுனைத் தனியே திருப்பிவிட ஒரு வால்வும், அதை யார் எப்போது திருப்ப வேண்டும் என்று ஷிப்டுப் பதிவேட்டில் ஒரு வரியும் வேண்டும்.

ஆய்வகக் கண்ணாடிக் கலன்களைப் பாஸ்பேட் கலந்த சோப்பால் கழுவுவது

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவுங்கள்.