‘இதப் படிச்சுப் பாருங்க’ என்று ஒருவருக்கு எழுதுவது எப்படி?

‘கட்டாயம் படிக்க வேண்டிய 100 நூல்கள்’ என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்து விழுந்தால் பத்துப் பேர் கட்டைவிரலைக் காட்டுவார்கள். ஒருவரும் நூலகத்துக்குப் போகமாட்டார்கள். அதே குழுவில், “அக்கா, ரப்பர் தோட்டத்துக் கதை ஏதாவது இருக்கான்னு கேட்டீங்களே, இந்தத் தொகுப்ப மூணாவது கதைலேர்ந்து ஆரம்பிங்க” என்று ஒருவர் எழுதினால் அந்த நூல் அடுத்த வாரமே யாராவது ஒருவர் பையில் இருக்கும். இணையத்தில் புத்தகம் பேசி நண்பர்களாகிறவர்கள் இந்த இரண்டாவது வகைக்காரர்கள். பரிந்துரைத்த அன்றே நட்பு வந்துவிடாது. படித்தவர் திரும்பி வந்து, பிடித்ததோ பிடிக்கவில்லையோ, நாலு வரி எழுதும்போதுதான் அது தொடங்கும். அந்த நாலு வரியை வரவழைப்பதற்கான வழிகளைத்தான் இங்கே சொல்கிறோம்.

குழு

எட்டுப் பேர் முதல் பதினைந்து பேர் வரை போதும். வாட்ஸ்அப் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே குழுவில் சேர்க்க இடம் தருகிறது என்பதற்காகச் சேர்த்துக்கொண்டே போனால், யார் எதைப் படிப்பவர் என்பது யாருக்கும் நினைவில் நிற்காது. அது தெரியாமல் பரிந்துரை எழுத முடியாது.

வாட்ஸ்அப்பா டெலிகிராமா என்றால், புதியவர்கள் நிறைய இருக்கும் குழுவுக்கு டெலிகிராம் நல்லது. கைப்பேசி எண்ணை ‘யாருக்கும் காட்டாதே’ என்று அமைத்துவிட்டுப் பயனர்பெயரோடு மட்டும் இருக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் பொதுவாக எல்லாருக்கும் உங்கள் எண் தெரியும், பெண்கள் பலர் தயங்குவது இதனால்தான். டெலிகிராமில் ஒரு குழுவுக்குள்ளேயே நாவல், கவிதை, சிறுவர் நூல் என்று தலைப்புகளாகப் பிரித்துக்கொள்ளவும் முடியும். எல்லாரும் ஏற்கெனவே அறிமுகமானவர்கள் என்றால் வாட்ஸ்அப் போதும்.

சென்னை, கோலாலம்பூர், யாழ்ப்பாணம் என்று ஆட்கள் கலந்திருந்தால் நேரத்தைக் கவனிக்க வேண்டும். சென்னையில் இரவு 11 மணிக்கு ஒருவர் உற்சாகமாக எழுத ஆரம்பித்தால் இங்கே சிங்கப்பூரில் நள்ளிரவு 1.30. சேர்ந்த முதல் நாளே அறிவிப்பு ஒலியை நிறுத்திவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் சொல்லாமல் வெளியேறுவார்கள்.

முதலில் கேளுங்கள்

புதிதாக ஒருவர் வந்தால் “உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார்?” என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாரும் பெரிய பெயராகத்தான் சொல்வார்கள். மூன்று கேள்விகள் உதவும்: கடைசியாக முடித்த புத்தகம் எது? பாதியில் வைத்தது எது, எந்த இடத்தில்? எப்போது படிக்கிறீர்கள்? பாதியில் வைத்த புத்தகம் அவருடைய ரசனையைத் தெளிவாகக் காட்டும். எப்போது படிக்கிறார் என்பதும் முக்கியம். ஜூரோங்கிலிருந்து சாங்கிக்கு எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே படிப்பவருக்கு 900 பக்கக் கெட்டி அட்டை நாவலைச் சொன்னால் அவர் என்ன செய்வார்? ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு கிடைக்கும் கட்டுமானத் தொழிலாளர்கள் இத்தகைய குழுக்களில் தீவிரமான வாசகர்களாக இருப்பதுண்டு. அவர்களுக்குத் தங்குவிடுதியில் விளக்கு அணைந்தபிறகும் கைப்பேசியில் படிக்கக்கூடிய சிறுகதைதான் வசதி.

“நீங்க இங்கேயே பிறந்தவரா, அங்கேர்ந்து வந்தவரா?” என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். கேட்பவருக்கு அது சாதாரண விசாரிப்பு; பதில் சொல்கிறவருக்குத் தன் தமிழை எடைபோடுவதுபோல இருக்கும். இங்கே படித்து வளர்ந்த பலர் தமிழை நன்றாகப் பேசுவார்கள், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் நேரம் எடுத்துப் படிப்பார்கள். அவர்களிடம் நாஞ்சில் நாட்டுப் பேச்சுவழக்கில் எழுதப்பட்ட நாவலை முதலில் நீட்டினால் பழி அவர்கள் தலையில்தான் விழும், நாவலின் தலையில் அல்ல. தமிழில் தட்டச்சு செய்யச் சிரமப்படுகிறவர்களுக்குக் குரல்வழித் தட்டச்சைக் காட்டிக்கொடுங்கள், அல்லது இரண்டு நிமிடத்துக்கு மிகாத குரல்பதிவு என்று விதி வையுங்கள். ஏழு நிமிடக் குரல்பதிவை யாரும் கேட்பதில்லை.

விளிப்பு: வயது தெரியாதவரை ‘நீங்கள்’தான். மூத்தவர் என்று தெரிந்தால் ஐயா, அம்மா. ஓரளவு பழகியபின் அண்ணே, அக்கா. ‘நீ’ என்பதை அவர் முதலில் தொடங்கட்டும்.

பரிந்துரையில் என்ன இருக்க வேண்டும்

நீளம் 100 சொல்லுக்குள். நூலின் பெயர், ஆசிரியர், மொழிபெயர்ப்பானால் மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், பக்க எண்ணிக்கை. பிறகு, இது யாருக்கு, ஏன். பிறகு, எந்த இடத்தில் தடுமாறும். இந்த மூன்றாவதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் பதிலை வரவழைப்பதே அதுதான். ஒரு மாதிரி (நூல், ஆசிரியர், பதிப்பகப் பெயர்கள் நீங்கலாக):

“அண்ணே, கூட்டுக்குடும்பக் கதைன்னா பிடிக்கும்னு சொன்னீங்க. இது 420 பக்கம். முதல் ரெண்டு அத்தியாயத்துல உறவுக்காரங்க பேரு நிறைய வரும், ஒரு தாள்ல எழுதி வச்சுக்குங்க. அஞ்சாவது அத்தியாயத்துல கிணத்தடிச் சண்டை வரும், அதுவரைக்கும் பொறுத்துப் படிங்க. ஒரு குழந்தை இறந்துபோறது வருது, முன்னாடியே சொல்லிடுறேன். நூலகத்துல இரவல் பிரதி இருக்கு.”

‘அருமை’, ‘கண்ணீர் வரவழைத்தது’ போன்ற சொற்கள் இதில் இல்லை என்பதைப் பாருங்கள். தேவையும் இல்லை. கிணற்றடிச் சண்டை என்று ஓர் இடத்தைச் சொன்னதால், படித்தவர் அந்த இடத்துக்கு வந்ததும் உங்களைத்தான் நினைப்பார்; “வந்துட்டேன்” என்று ஒரு செய்தியாவது போடுவார்.

இடத்தைச் சொல்லும்போது பக்க எண் கொடுக்காமல் அத்தியாய எண் கொடுங்கள். புகழ்பெற்ற தமிழ் நாவல்கள் பல பதிப்பகங்களில் வெவ்வேறு எழுத்தளவில் வந்திருக்கும். ஒருவர் பிரதியில் 112ஆம் பக்கத்தில் இருப்பது இன்னொருவர் பிரதியில் 140இல் இருக்கும். சிலவற்றுக்குச் சுருக்கப் பதிப்பும் உண்டு. இரண்டு பேர் ஒரே நாவலைப் படித்துவிட்டு ‘அப்படி ஒரு காட்சியே இல்லை’ என்று சண்டை போடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

முடிவை வெளிப்படுத்த வேண்டியிருந்தால் டெலிகிராமில் அந்த வரிகளை மறைத்து அனுப்பும் வசதி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் முதல் வரியில் ‘அத்தியாயம் 20 வரை படித்தவர்களுக்கு மட்டும்’ என்று போட்டு, நிறைய வெற்று வரிகள் விட்டுக் கீழே எழுதுங்கள்; நீண்ட செய்தியைச் செயலி மடித்துவிடும்.

ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு நூல். மூன்று சொன்னால் எதையும் எடுக்கமாட்டார். அவர் பதில் சொல்லும்வரை அடுத்ததைச் சொல்லாதீர்கள்.

பிரதி எங்கே

கிடைக்காத நூலைப் பரிந்துரைப்பது வெறும் பீற்றல். எழுதுவதற்கு முன் தேசிய நூலக வாரியத்தின் செயலியில் தேடிப் பாருங்கள். தமிழ் எழுத்தில் தேடி வராவிட்டால் ரோமன் எழுத்தில் தேடுங்கள். ஆசிரியரின் தலைப்பெழுத்தை விட்டுவிட்டும் ஒருமுறை பாருங்கள். ஐஎஸ்பிஎன் (நூலுக்கான தனி அடையாள எண்) இருந்தால் அதுவே உறுதியானது, ஆனால் பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் அது இருக்காது. 978-981 என்று தொடங்கினால் சிங்கப்பூர் வெளியீடு.

பிரதி ‘இரவல்’ வகையா என்று பார்ப்பது முக்கியம். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தின் நூல்களை அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். எல்லாக் கிளைகளிலும் தமிழ் நூல்கள் ஒரே அளவில் இல்லை. வேறு கிளையில் இருப்பதை முன்பதிவு செய்து வீட்டுக்கு அருகிலுள்ள கிளைக்கு வரவழைக்கலாம். இரவல் காலம் 21 நாள், ஒருமுறை நீட்டித்தால் இன்னும் 21 நாள். இதில் ஒரு சிக்கல்: ஒரே ஒரு பிரதி உள்ள நூலைக் குழுவில் மூன்று பேர் ஒரே வாரத்தில் முன்பதிவு செய்தால், கையில் வைத்திருப்பவரால் நீட்டிக்க முடியாமல் போகும். யார் முதலில் என்று குழுவிலேயே வரிசை போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வூர் எழுத்தை மறந்துவிடாதீர்கள். 1965 முதல் இங்கே வெளியான தமிழ்ப் படைப்புகள் பல, 2015இல் தொடங்கப்பட்ட தமிழ் மின்மரபுடைமைத் தொகுப்பில் மின்வடிவில் கிடைக்கின்றன. ஐந்து பரிந்துரையில் ஒன்றாவது சிங்கப்பூர், மலேசிய நூலாக இருக்கட்டும். தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்த ஊரின் பழைய தெருக்கள் அப்படித்தான் அறிமுகமாகும்.

பிடிஎஃப் கேட்பவர்கள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தின் நூல்கள், தமிழக அரசு நாட்டுடைமையாக்கியவை என்றால் இணைப்பைக் கொடுங்கள். உயிரோடிருக்கும் எழுத்தாளரின் நூலை நிழற்படி எடுத்துப் போடுவதை முதல் முறையே நிறுத்துங்கள். ஒன்றை விட்டால் ஒரு மாதத்தில் அது புத்தகம் பேசும் குழுவாக இருக்காது, கோப்புகளைக் கொட்டிவைக்கும் கிடங்காகிவிடும். ‘புத்தகம்’ என்று பெயரிட்டு ஏபிகே கோப்பு வந்தால் தொடவே வேண்டாம், அது வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் செயலியாக இருக்கலாம். ‘சென்னையிலிருந்து வரவழைத்துத் தருகிறேன், முன்பணத்தை பேநவ்வில் அனுப்புங்கள்’ என்று முகம் தெரியாதவர் கேட்டாலும் அப்படித்தான். சந்தேகம் இருந்தால் 1799 என்ற மோசடி உதவி எண்ணை அழைக்கலாம்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவரிடம் எல்லாரும் பட்டியல் கொடுப்பார்கள். 300 பக்க நூல் சுமார் 350 கிராம். 20 நூல் ஏழு கிலோ. ஒருவருக்கு இரண்டு நூல் என்று வரம்பு வையுங்கள். வரியும் உண்டு: 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்து திரும்புகிறவருக்கு 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலான பொருள்களுக்கு ஜிஎஸ்டி விலக்கு, அதற்கும் குறைவென்றால் 100 வெள்ளி. ஆனால் வேலை அனுமதி, மாணவர் அட்டை, சார்ந்திருப்போர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்த விலக்கு கிடையாது. யாரிடம் பட்டியலைக் கொடுக்கிறீர்கள் என்று பார்த்துக் கொடுங்கள்.

பதிலும் பிடிக்காமல் போவதும்

படித்து முடித்த ஒரு வாரத்துக்குள் எழுதுங்கள். முழு விமர்சனம் வேண்டாம், ஓர் இடம், ஒரு கேள்வி போதும். “அந்தப் பெரியப்பா ஏன் கடைசிவரைக்கும் அந்தக் கடிதத்தப் படிக்கல?” என்று கேட்டுவிட்டால் உரையாடல் தானாக ஓடும். பிடிக்கவில்லை என்றால் மறைக்காதீர்கள். “100 பக்கத்தோட வச்சுட்டேண்ணே, வர்ணனை தாங்கல” என்பது, படிக்காமலே ‘சூப்பர்’ போடுவதைவிட மேல். பரிந்துரைத்தவருக்கு அடுத்த முறை என்ன சொல்லலாம் என்று தெரிந்துவிடும். பரிந்துரைத்தவர் அந்த நூலுக்காக வாதாடக் கூடாது. ஒரே ஒருமுறை “எந்த இடத்துல?” என்று கேட்கலாம், அவ்வளவுதான்.

குழுவில் எழுத்தாளர் இருந்தால் நிலைமை வேறு. சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய வட்டம் சின்னது. இன்று ‘சுமார்’ என்று எழுதினால் ஏப்ரலில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சியில் பக்கத்து நாற்காலியில் அவரே உட்கார்ந்திருப்பார். ஆகவே எல்லாரும் புகழ ஆரம்பிப்பார்கள், குழு அப்போதே செத்துவிடும். எழுத்தாளர் தன் நூல் வெளியீட்டை ஒருமுறை அறிவிக்கலாம், அந்த நூல் பற்றிய பேச்சில் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி போடுங்கள். காலை வணக்கப் படங்களுக்கும் தேர்தல் பேச்சுக்கும் விதி தேவையில்லை, நிர்வாகி அழித்துவிட்டுப் போகலாம்.

நேரில்

குழுவில் சில மாதம் பேசியபின் சந்திக்கலாம். முதல் முறை இருவராக வேண்டாம், மூன்று நான்கு பேராக. தனிச்செய்தி அனுப்புவதற்கு முன் ‘தனியாக எழுதலாமா?’ என்று குழுவிலேயே கேட்பது மரியாதை, இரவு பத்து மணிக்கு மேல் அதுவும் கூடாது. பூகிஸ் நிலையத்தில் இறங்கி தேசிய நூலகத்தில் புத்தகம் எடுத்துக்கொண்டு, பேச்சை அருகிலுள்ள காப்பிக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் வைத்தால் அங்குள்ள தேக்கா வட்டாரக் கூட்டத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. ஆனால் தொழிலாளர் நண்பர்களுக்கு அந்த நாள் மட்டும்தான் என்றால், காலை பத்து மணிக்கு வையுங்கள்.

சொந்தப் புத்தகத்தை இரவல் தரும்போது அட்டையின் படத்தையும் திருப்பித்தரும் தேதியையும் குழுவில் போடுங்கள். ஆறு வாரம் நியாயமான கெடு. பசையால் ஒட்டிய ஒட்டுக்கட்டு நூல்களை விரித்து அமுக்கினால் முதுகு பிளந்துவிடும். இந்த ஊர் ஈரத்தில் நெகிழிப் பைக்குள் மாதக்கணக்கில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இரண்டையும் சொல்லியே கொடுங்கள். இருவரும் வெவ்வேறு தடத்தில் பயணிப்பவர்கள் என்றால் எம்ஆர்டி நிலையத்தின் கட்டண வாயிலில், ஒருவர் உள்ளேயும் மற்றவர் வெளியேயும் நின்று கைமாற்றிக்கொண்டால் கூடுதல் கட்டணம் இல்லை.

வேலை அனுமதி முடிந்து ஊர் திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. +65 என்று தொடங்கும் சிங்கப்பூர் எண் செயலில் இருக்கும்போதே, புதிய எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரும் நிலையில் வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப் அமைப்பில் ‘எண்ணை மாற்று’ என்பதைச் செய்யுங்கள். குழுக்கள் அப்படியே கூடவரும். எண்ணை ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினால், பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகலாம், உங்களுக்காகப் போட்ட பரிந்துரையும் அவருக்கே போய்ச்சேரலாம். இரவல் வாங்கிய புத்தகங்களைப் பெட்டி கட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்; கடைசி நாள் யாருக்கும் நேரம் இருக்காது.