எம்.பி. ஒருவர் தலைவரான கதையை எழுதுவது எப்படி?

எங்கள் முள்ளியவளை வாசிகசாலைக்கு உயர்தரப் பிள்ளைகள் ஒப்படை எழுத வருவார்கள். “ரீச்சர், சம்பந்தன் ஐயாவைப் பற்றி ஒரு பந்தி சொல்லுங்கோ” என்பார்கள். திருகோணமலை எம்.பி.யாக இருந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவரானவர் அவர். பந்தி சொல்ல மாட்டேன். பழைய கலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அடிமட்டம் வைத்து நடுவில் கோடு கீறச் சொல்வேன்.

கோட்டுக்கு மேலே, பாராளுமன்றத்தில் இருந்த ஆண்டுகளை நீலப் பேனையால் எழுதுங்கள். வெளியே இருந்த ஆண்டுகள் கீழே, சிவப்பில். பிள்ளைகள் 1977, 2001, 2015 என்று மூன்று நீலத்தை எழுதிவிட்டு எழும்பப் பார்ப்பார்கள். இருங்கள், சிவப்பில்தான் விசயமே இருக்கிறது.

1977இல் திருகோணமலையில் வென்றவர், 1983இல் ஆசனத்தை இழந்தார். தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று அரசியலமைப்பின் 6ஆவது திருத்தம் கேட்ட சத்தியப்பிரமாணத்தை, அவருடைய கட்சியான தமிழர் விடுதலைக் கூட்டணியின் எம்.பி.க்கள் எடுக்கவில்லை. 1989இலும் 1994இலும் போட்டியிட்டும் தெரிவாகவில்லை. 1997இல் அதே கட்சியின் திருகோணமலை எம்.பி. தங்கத்துரை கொல்லப்பட்ட பிறகு அந்த வெற்றிடத்துக்கு வந்தார். 2000இல் மறுபடியும் தோல்வி. அடுத்த ஆண்டே தமிழ்க் கட்சிகள் சில சேர்ந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவாகி அதற்குத் தலைவரானார். 14 ஆண்டு சிவப்பு, பிறகு சின்னதாய் இன்னொரு சிவப்பு, அதை ஒட்டியே தலைமை. தோற்ற ஒருவரிடம் தலைமை ஏன் போனது? உங்கள் ஒப்படை இந்தக் கேள்வியில் தொடங்கட்டும்.

அப்புறம் சின்னத்தைப் பாருங்கள். கூட்டமைப்பு 2001இல் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் கேட்டது, 2004இல் வீட்டுச் சின்னத்தில் கேட்டது. கூட்டணித் தலைவர் ஆனந்தசங்கரியோடு ஏற்பட்ட பிணக்கால் சூரியன் கிடைக்கவில்லை. அதனால் தமிழரசுக் கட்சியின் வீட்டைத் தூசு தட்டி எடுத்தார்கள். அந்த முறை 22 ஆசனங்கள் வந்தன. சின்னம் மாறிய இடத்தில் கட்சிக்குள் என்ன நடந்தது என்று தேடினால், தலைவர் எப்படி உருவானார் என்பது தெரியவரும்.

பதவிகளைக் கலந்து எழுதாதீர்கள். எம்.பி. ஆசனத்தைச் சனம் கொடுக்கிறது. கட்சித் தலைமையைக் கட்சி கொடுக்கிறது. எதிர்க்கட்சித் தலைவரைச் சபாநாயகர் அங்கீகரிக்கிறார். சம்பந்தன் ஐயா 2014இல் தமிழரசுத் தலைமையை மாவை சேனாதிராசாவிடம் கொடுத்தார், கூட்டமைப்பின் தலைமையைக் கொடுக்கவில்லை. 2015இல் எதிர்க்கட்சித் தலைவரானார். ஒவ்வொன்றுக்கும் தனி ஆண்டு போடுங்கள்.

கிட்டத்து உதாரணம் வேண்டுமென்றால் சிறீதரனை எடுங்கள். கிளிநொச்சிக்காரர், பாடசாலை அதிபராக இருந்தவர், 2010இல் எம்.பி. ஆனார். 2024 ஜனவரி 21இல் திருகோணமலையில் நடந்த தமிழரசுத் தலைவர் தெரிவில் 184 வாக்கு எடுத்தார், எதிர்த்துப் போட்டியிட்ட சுமந்திரனுக்கு 137. பிறகு அந்தத் தெரிவு நீதிமன்றம் வரை போனது, அதையும் எழுதுங்கள். ஆனால் அவரை ‘வன்னி மாவட்ட எம்.பி.’ என்று எழுதிவிடாதீர்கள், பிள்ளைகள் அடிக்கடி விடுகிற பிழை இது. கிளிநொச்சி வன்னி மண்தான், தேர்தலுக்கு மட்டும் யாழ்ப்பாணத்தோடு சேரும். வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது முல்லைத்தீவு, வவுனியா, மன்னார். மொத்தம் 6 ஆசனம்.

பேச்சை மேற்கோள் காட்டுவதென்றால் பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட்டைத் திறந்து பாருங்கள், பேஸ்புக்கில் வந்ததை நம்பி எழுதவேண்டாம். பேசிய மொழியிலேயே அதில் அச்சாகியிருக்கும். பத்திரிகை வெட்டுகளுக்குத் திகதியைப் பின்பக்கத்தில் உடனே எழுதிவிடுங்கள். நான் 20 வருசமாய்ச் சேர்த்த வெட்டுகள் ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்தன. 2009 போர்க்கால இடப்பெயர்வில் வழியில் விட்டுவிட்டு வந்தேன். இன்றும் ஒரு ஆண்டு நினைவு வராதபோது அந்தப் பெட்டியின் பச்சை மூடிதான் கண்ணுக்குள் வருகிறது. அதனால் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

எழுதி முடித்ததும், 1977இல் வாக்குப் போட்ட ஒருவரைத் தேடிப்போய் வாசித்துக் காட்டுங்கள். ஊரில் இன்னும் இருக்கிறார்கள். இடையில் மறித்து, “இல்லைப் பிள்ளை, அது அப்பிடி இல்லை” என்பார்கள். சிவப்புப் பேனையையும் கொண்டு போங்கள்.