எம்பிஐ நிரல் ஏன் பாதியில் நிற்கிறது?

எம்பிஐ (MPI) என்பது ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும் பல பிராசஸ்கள் (தனித்தனியே ஓடும் நிரல்கள்) தமக்குள் செய்தி அனுப்பிக்கொள்வதற்கான தரநிலை. சின்ன டேட்டாவில் ஒழுங்காக ஓடிய எம்பிஐ நிரல், பெரிய டேட்டா கொடுத்ததும் பிழைச்செய்தி ஏதும் இல்லாமல் அப்படியே நின்றுவிடும். உடனே நெட்வொர்க்கைத் திட்டுவோம். கோளாறு பெரும்பாலும் நிரலில்தான்.

இரண்டு பிராசஸ்களும் முதலில் சென்ட் (அனுப்புதல்), அப்புறம் ரிசீவ் (வாங்குதல்) என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். செய்தி சிறியதென்றால் எம்பிஐ நூலகம் அதைத் தன் பஃபரில் (தற்காலிக நினைவிடம்) வாங்கிக்கொண்டு சென்ட்டை முடித்துவிடும். இது ஈகர் முறை. அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் ரான்டேவூ முறை: எதிர்ப்பக்கம் ரிசீவ் அழைக்கும்வரை சென்ட் முடியாது. இருவரும் சென்ட்டிலேயே நிற்க, டெட்லாக்: ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து யாருமே நகராத நிலை. அந்த வரம்பு நூலகத்தையும் நெட்வொர்க்கையும் பொறுத்து மாறும் என்பதால் லேப்டாப்பில் ஓடியது கிளஸ்டரில் (பல கணினிகளை இணைத்த அமைப்பு) நிற்கும். 1994-இல் வந்த முதல் தரநிலையிலிருந்தே சென்ட் தரும் உத்தரவாதம் ஒன்றுதான்: அனுப்பிய டேட்டா இருந்த உங்கள் பஃபரை நீங்கள் மறுபடி பயன்படுத்தலாம். செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

சோதிக்க எளிய வழி உண்டு. எல்லா சென்ட்டையும் எஸ்சென்ட் (Ssend) என்று மாற்றி ஓட்டுங்கள். எதிர்ப்பக்கம் வாங்கத் தொடங்கும்வரை அது காத்திருக்கும். நிரல் நின்றால், ஒளிந்திருந்த டெட்லாக் வெளியே வந்துவிட்டது. இருபக்கப் பரிமாற்றத்துக்கு, அனுப்புவதையும் வாங்குவதையும் ஒரே அழைப்பில் செய்யும் சென்ட்ரிசீவ் போதும்.

சரி, அனுப்பி முடியக் காத்திராமல் உடனே திரும்பும் ஐசென்ட் (Isend) போட்டால் தப்பிக்கலாமே? தப்பிக்கலாம், ஆனால் அது முடியும்வரை காத்திருக்கும் வெய்ட்டை அழைக்கும் முன் அந்த பஃபரில் எழுதக்கூடாது. எழுதினால் நிரல் நிற்காது; எப்போதாவது தப்பான விடை வரும். என்னைக் கேட்டால் நிற்பதே மேல்.

வேகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் குட்டிக் குட்டிச் செய்திகள். ஒவ்வொரு செய்திக்கும் நல்ல இன்ஃபினிபேண்டிலேயே (கிளஸ்டர்களுக்கான அதிவேக நெட்வொர்க்) ஏறத்தாழ 1 மைக்ரோநொடி தாமதம் உண்டு. 100 ஜிகாபிட் இணைப்பில் அந்த நேரத்துக்குள் 12,500 பைட் போயிருக்கும். 8 பைட் எண்ணை லூப்பில் ஒவ்வொன்றாக அனுப்பாமல் சேர்த்து அனுப்புங்கள்.

அதேபோல, 1,024 பிராசஸ்களுக்கு ஒரே தகவலைத் தர ரேங்க் 0 (0 என்ற எண் கொண்ட பிராசஸ்) மட்டும் 1,023 முறை சென்ட் செய்வது வீண். எல்லோருக்கும் ஒரே தகவலைப் பரப்பும் பிகாஸ்ட் (Bcast) அதை மரம்போலப் பிரித்து 10 சுற்றில் முடிக்கக்கூடியது. ஆனால் பிகாஸ்ட்டை எல்லாப் பிராசஸும் அழைக்க வேண்டும். ரேங்க் 0-க்கான இஃப் உள்ளே மட்டும் அதை வைத்துவிட்டு மற்றவற்றில் ரிசீவ் எழுதுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

பாதுகாப்புக்கு என்று ஆங்காங்கே பேரியர் (எல்லாப் பிராசஸும் வந்துசேரும்வரை நிறுத்தும் அழைப்பு) தூவுவதையும் விடுங்கள். மேலே சொன்ன எதையும் அது சரிசெய்யாது. வேகமாக முடித்தவர்களை மெதுவானவருக்காகக் காக்க வைக்கும், அவ்வளவுதான்.