ப்ராக்சிமா பி கோளின் எதிரொளியைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

4.24 ஒளியாண்டு தொலைவிலுள்ள ப்ராக்சிமா சென்டாரி என்ற விண்மீனைச் சுற்றும் பி கோள் 2016இல் அறிவிக்கப்பட்டது. அதன் மீது பட்டுத் திரும்பும் ஒளியைப் பிரித்தெடுப்பதற்கென்றே, சிலியின் பரனாலில் உள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கிக்காக, ஜெனீவா பல்கலைக்கழகம் முன்னின்று ரிஸ்ட்ரெட்டோ என்ற கருவியை உருவாக்கி வருகிறது. இத்தகைய கருவிகளை மதிப்பிடும்போது எச்ஆர் 8799 என்ற விண்மீனைச் சுற்றும் கோள்களின் புகழ்பெற்ற படங்களை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. அவை இளமையான, பிறந்தபோதைய வெப்பத்தால் அகச்சிவப்பில் தாமே ஒளிரும் கோள்கள்.

காற்றால் குலையும் படத்தைச் சீர்செய்வதில் அகச்சிவப்பில் கிடைக்கும் தரம் கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் கிடைத்துவிடும் என்று கருதுவதே, என் பார்வையில், மிகப் பெரிய தவறு. காற்றின் கொந்தளிப்பால் குலைந்த ஒளியின் அலைமுகப்பை உருமாறும் ஆடி நொடிக்குப் பல நூறு முறை சீர்செய்த பின்னும் 100 நானோமீட்டர் பிழை எஞ்சுவதாகக் கொள்வோம். அகச்சிவப்பிலுள்ள 1,600 நானோமீட்டர் அலைநீளத்தில் ஸ்ட்ரெல் விகிதம் (குறையற்ற படத்தோடு ஒப்பிட்ட உச்சப் பொலிவின் அளவு) ஏறத்தாழ 86 விழுக்காடாக இருக்கும். சிவப்பு ஒளியான 750 நானோமீட்டரில் அதே பிழை அதை 50 விழுக்காட்டுக்கு இறக்கிவிடும். குவியாமல் போன ஒளி விண்மீனைச் சுற்றித் திட்டுத்திட்டாகச் சிதறுகிறது. கோள் அதிகபட்சமாக விலகித் தெரிவதோ 0.037 வில்நொடிதான் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கே ஒரு வில்நொடி), அது அத்தொலைநோக்கி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறு இடைவெளியைப் போல் இரு மடங்கே என்பதால், அத்திட்டுகளுக்கு நடுவேதான் அதைத் தேடியாக வேண்டும்.

கோளின் பொலிவைக் கணக்கிடும்போது முழுமுகமும் ஒளிர்வதாக வைத்துக்கொள்வதும் தவறு. விண்மீனிலிருந்து மிக விலகித் தெரியும் வேளையில் பாதி முகமே நம் பக்கம் ஒளிர்கிறது. ஒளியைச் சீராகச் சிதறடிக்கும் கோளமாக இருந்தால், முழுமுகப் பொலிவில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காமல் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். ஆல்பிடோ, அதாவது கோள் திருப்பி அனுப்பும் ஒளியின் பங்கு, 0.3, ஆரம் பூமியினுடையதைப் போல் 1.1 மடங்கு என்று கொண்டால், கோளின் ஒளி விண்மீனொளியில் ஒரு கோடியில் ஒரு பங்கு அளவே.

இந்தப் பொலிவு வேறுபாட்டைப் படம் எடுத்து மட்டும் வென்றுவிடலாம் என்று நம்ப வேண்டாம். கோள் நொடிக்கு ஏறத்தாழ 47 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுவதால், அது திருப்பும் ஒளியின் நிறமாலைக் கோடுகள் விண்மீனின் கோடுகளிலிருந்து டாப்ளர் விளைவால் (வேகத்தால் அலைநீளம் மாறுவதால்) இடம் பெயர்கின்றன. உயர் பிரிதிறன் நிறமாலைமானி அவற்றைச் சிதறிய ஒளியிலிருந்து பிரித்தறிய உதவும். அப்படிக் கண்டறிந்த பின்னும், பொலிவிலிருந்து நேரே ஆல்பிடோவைச் சொல்லிவிட முடியாது. அளவீடு தருவது ஆல்பிடோவையும் ஆரத்தின் வர்க்கத்தையும் பெருக்கிய மதிப்பையே. இக்கோள் தன் விண்மீனின் முகத்தைக் கடந்து செல்வது காணப்படாததால், அதன் ஆரம் இன்னும் அளக்கப்படவில்லை.