முதல் குதிரைச் சவாரி: ஏறுவதற்கு முன்னும் ஏறிய பின்னும்

விடுமுறைக்குப் போன இடத்தில் வழிகாட்டியோடு குதிரைச் சவாரி என்று ஒரு பலகையைப் பார்த்ததும் ஆசை வருவது இயல்புதான். காட்டுப்பாதையோ கடற்கரையோ மலைச்சரிவோ எதுவாக இருந்தாலும் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான்: குதிரைகள் வரிசையாகப் போகும், முன்னால் ஒரு வழிகாட்டி, குழு பெரிதாக இருந்தால் பின்னால் இன்னொருவர். குதிரையைத் தொட்டே பார்க்காதவர்கள்கூடப் போகலாம், சந்தோஷமாகத் திரும்பி வரலாம். ஆனால் அந்த ஒரு மணி நேரம் எப்படி அமையும் என்பதில் பெரும்பகுதி நீங்கள் சேணத்தில் உட்காரும் முன்பே முடிவாகிவிடுகிறது. எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள், காலில் என்ன போட்டிருக்கிறீர்கள், உங்களைப் பற்றி என்ன சொன்னீர்கள், இந்த மூன்றும்தான் முக்கியம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குதிரைகளைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

முடிந்தால் முதல் நாளே நேரில் போய்ச் சும்மா கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். விளம்பரப் படங்கள் சொல்லாததைக் குதிரையின் உடம்பு சொல்லிவிடும். விலா எலும்புகள் துருத்திக்கொண்டு தெரிகின்றனவா? சேணம் உட்காரும் முதுகிலும், சேணத்தை இறுக்கிக் கட்டும் வயிற்றுவார் போகும் இடத்தில் முன்னங்காலுக்குப் பின்னாலும் புண்ணோ, முடி தேய்ந்த தடமோ இருக்கிறதா? நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் தலையைத் தூக்கித் தூக்கிப் போடுகிற குதிரைக்குப் பெரும்பாலும் முன்னங்காலில் வலி இருக்கும், வலிக்கிற கால் தரையில் படும்போது தலையை உயர்த்திப் பாரத்தைக் குறைக்கப் பார்க்கும். நிழலும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு பின்னங்காலை லேசாக மடக்கி, கீழுதடு தளர்ந்து, கண்கள் பாதி மூடி நிற்கிற குதிரையைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள், அது நிம்மதியாக ஓய்வெடுக்கிறது. புண்ணோடு நிற்கும் ஒரு குதிரைக்குச் சேணம் போடுவதைப் பார்த்தால் அந்த இடத்தில் சவாரி வேண்டாம். குதிரையை இப்படி வைத்திருப்பவர்கள் உங்கள் பாதுகாப்பை மட்டும் கவனமாகப் பார்ப்பார்கள் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

அப்புறம் கேள்விகள். ஒரு குழுவில் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை வழிகாட்டிகள், கிளம்பும் முன் வேலிக்குள் நிறுத்தவும் திருப்பவும் சொல்லித்தருவார்களா, ஹெல்மெட் அவர்களே தருவார்களா, ஒரு குதிரை ஒரு நாளில் எத்தனை சுற்று போகிறது, இடி மின்னல் வந்தால் என்ன செய்வார்கள். கையெழுத்து வாங்கும் படிவத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் குதிரைச் சவாரியும் அதில் அடங்குமா என்று பார்த்துவிடுங்கள், சில பாலிசிகளில் இது விலக்குப் பட்டியலில் இருக்கும்.

உங்கள் எடையைக் கேட்டால் சங்கடப்படாமல் சரியான எண்ணைச் சொல்லுங்கள். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் சுமார் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 450 கிலோ குதிரை என்றால் மொத்தம் 90 கிலோ, அதில் கனமான சேணமே பத்துப் பதினைந்து கிலோ போய்விடும். எடையே கேட்காமல் யாரையும் எதிலும் ஏற்றிவிடுகிற இடத்தில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

முதல் தடவைக்கு ஒரு மணி நேரம் போதும். அரை நாள் சவாரி கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பழக்கமில்லாத தொடைகளும் முழங்கால்களும் இரண்டாவது மணி நேரத்தில் கெஞ்ச ஆரம்பித்துவிடும், களைத்துப்போன ஆள் சேணத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார், அந்தச் சுமை முழுக்கக் குதிரையின் முதுகில்தான் விழும்.

முன் அனுபவம் உண்டா என்று கேட்பார்கள். சின்ன வயதில் படம் எடுக்க ஏறி இறங்கியதை அனுபவமாகச் சொல்லாதீர்கள். உங்கள் பதிலை வைத்துத்தான் உங்களுக்கு எந்தக் குதிரை என்று முடிவு செய்கிறார்கள், கொஞ்சம் தெரியும் என்று சொன்னால் கொஞ்சம் துடிப்பான குதிரை வந்து நிற்கும். பயமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், குழுவிலேயே அமைதியான குதிரை உங்களுக்கு வரும், வழிகாட்டிக்கு நேர் பின்னால் இடமும் கிடைக்கும். கர்ப்பமாக இருப்பவர்கள், முதுகில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒன்று. பெரியவர் முன்னால் குழந்தையை உட்காரவைத்து ஒரே சேணத்தில் போகலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். விழுந்தால் பெரியவர் குழந்தையின் மேலேயே விழுவார். குழந்தைக்குத் தனிக் குதிரை, பக்கத்தில் கயிற்றைப் பிடித்து நடந்து வர ஒரு ஆள், அதுதான் சரியான ஏற்பாடு.

என்ன போட்டுக்கொள்வது

ஷூதான் முதலில். மூடிய ஷூ, 2 முதல் 2.5 சென்டிமீட்டர் வரை குதிகால் உயரம், அடிப்பாகம் ஓரளவு வழுவழுப்பு. இந்தக் குதிகால் அழகுக்காக இல்லை. தட்டையான ஷூ என்றால் பாதம் அங்கவடிக்குள் (சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையம்) நழுவி முழுக்க உள்ளே போய்விடும், விழும் நேரத்தில் கால் வெளியே வராது, குதிரை ஓடினால் ஆளை இழுத்துக்கொண்டே ஓடும். சவாரியில் நடக்கக்கூடிய மிக மோசமான விஷயம் அதுதான். தடித்த பள்ளங்கள் கொண்ட மலையேற்ற ஷூவும் அங்கவடியில் சிக்கிக்கொள்ளும். செருப்பு, சாண்டல் கூடவே கூடாது, குளம்பு ஒரு தடவை காலில் பட்டாலே போதும்.

ஹெல்மெட் குதிரைச் சவாரிக்கென்றே சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஏஎஸ்டிஎம் எஃப்1163, பிஏஎஸ் 015 போன்ற தர எண் உள்ளே ஒட்டியிருக்கும். சேணத்தில் உட்கார்ந்தால் உங்கள் தலை தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதனால் சைக்கிள் ஹெல்மெட்டை வைத்துச் சமாளிக்க வேண்டாம். போட்டுக்கொண்டு தலையை ஆட்டிப் பாருங்கள், நெற்றித் தோலும் ஹெல்மெட்டும் சேர்ந்து அசைந்தால் அளவு சரி. தாடைப்பட்டை தளர்வாகத் தொங்கினால் போட்டும் பயனில்லை.

நீளமான பேன்ட், உள்தொடையில் தடித்த தையல் இல்லாததாக. கழுத்தில் தொங்கும் துணி, பெரிய வளையம், முதுகில் ஆடும் பை எல்லாவற்றையும் அறையிலேயே விட்டுவிடுங்கள். போனை ஜிப் உள்ள பாக்கெட்டில் போட்டு மூடிவிடுங்கள், படம் வேண்டுமென்றால் எல்லாரும் நின்ற பிறகு வழிகாட்டியிடமே கேட்கலாம்.

பக்கத்தில் போவதும் ஏறுவதும்

குதிரைக்குக் கண்கள் முகத்தின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 350 டிகிரி வரை தெரியும். தெரியாத இடம் இரண்டு: நெற்றிக்கு நேர் முன்னால், வாலுக்கு நேர் பின்னால். ஆகவே பேசிக்கொண்டே அதன் இடது தோள்பட்டையை நோக்கிப் போங்கள், கழுத்தில் கை வைத்து மெதுவாகத் தேய்த்துக் கொடுங்கள். பின்னால் சுற்றிப் போக வேண்டியிருந்தால் உதைக்கு எட்டாத தூரத்தில் போங்கள். வாலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தால் அது உதைக்கிற குதிரை என்பதற்கான அடையாளம். காதுகள் முன்னோக்கி இருந்தால் எதையோ கவனிக்கிறது, கழுத்தோடு ஒட்டப் பின்னால் மடித்துக்கொண்டால் கோபம், அப்போது விலகி நில்லுங்கள்.

இடது பக்கமாக ஏறுவதுதான் பழக்கம். இடுப்பின் இடது பக்கம் வாள் தொங்கிய காலத்திலிருந்து வந்த வழக்கம் என்பார்கள், குதிரைகளும் இதற்குத்தான் பழகியிருக்கின்றன. ஏறுவதற்கு ஒரு படிமேடை இருந்தால் அதில் நின்றே ஏறுங்கள், தரையிலிருந்து தொங்கி ஏறினால் சேணம் ஒரு பக்கம் இழுபட்டுக் குதிரைக்கு முதுகு வலிக்கும். லகானையும் கொஞ்சம் பிடரி மயிரையும் இடது கையில் பிடித்து, இடது காலை அங்கவடியில் வைத்து, வலது காலைக் குதிரையின் பின்புறத்தில் படாமல் தூக்கிப் போட்டு, தொப்பென்று விழாமல் மெதுவாக உட்காருங்கள்.

உட்கார்ந்ததும் அங்கவடியின் நீளத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், இதைக் கேட்க வெட்கப்பட்டால் சவாரி முழுக்க முழங்கால் வலிக்கும். காலைத் தளரவிட்டுத் தொங்கப்போட்டால் அங்கவடியின் அடித்தட்டு கணுக்கால் எலும்பருகே வர வேண்டும். வயிற்றுவாரையும் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். வார் கட்டும்போது உடம்பை விறைத்துக்கொள்கிற குதிரைகள் நிறைய உண்டு, பத்து நிமிடம் நடந்த பிறகு வார் தளர்ந்திருக்கும், அதைக் கவனிக்காவிட்டால் சேணம் ஆளோடு சரியும். நல்ல வழிகாட்டி கேட்காமலே வந்து பார்ப்பார்.

முன்பாதம் அங்கவடியில், குதிகால் கீழ்நோக்கி, கண் தரையைப் பார்க்காமல் போகிற திசையில். முழங்காலால் குதிரையை இறுக்கிப் பிடிக்கத் தோன்றும், அப்படிப் பிடித்தால் உடம்பு மேலே எழும்பும், பிடிப்பு இன்னும் குறையும். பயத்தில் மூச்சை அடக்குகிறவர்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டு வாருங்கள், பேசும்போது மூச்சு தானாக வரும்.

லகான் பிடித்துக்கொள்வதற்கான கம்பி கிடையாது. அதன் மறுமுனையில் இருக்கும் இரும்பு, குதிரையின் வாய்க்குள் நாக்கின் மேலும் பல்லில்லாத ஈறின் மேலும் கிடக்கிறது. தடுமாறினால் சேணத்தின் முன்பகுதியையோ பிடரி மயிரையோ பிடியுங்கள். கையில் லகானைச் சுற்றிக்கொள்ளவே கூடாது. நிறுத்த, இடுப்பைக் கனமாக்கி மூச்சைவிட்டு லகானை இழுத்து, நின்றதும் உடனே தளர்த்துங்கள். கிளம்ப, கெண்டைக்காலால் லேசாக அழுத்தினால் போதும். திருப்பும் முறை இடத்துக்கு இடம் மாறும், சில குதிரைகள் கழுத்தில் லகான் படுவதற்குப் பழகியவை, சில வாய்ப்பக்கம் இழுப்பதற்குப் பழகியவை. கேட்டுக்கொள்ளுங்கள்.

வழியில்

பெரும்பாலான நேரம் குதிரை நடக்கும், மணிக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் வேகம். அது கூட்டத்தோடு வாழும் பிராணி, முன்னால் போவதைப் பின்தொடரும், பாதையும் அதற்கு அத்துப்படி. நீங்கள் அதற்கு இடைஞ்சல் இல்லாமல் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாலே பாதி வேலை முடிந்தது. முன்குதிரைக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு குதிரை நீளம் இடைவெளி வேண்டும். உங்கள் குதிரையின் காதுகளுக்கிடையே முன்குதிரையின் பின்குளம்புகள் தெரிந்தால் தூரம் சரி. மூக்கை வாலில் இடித்தபடி போனால் என்றாவது உதை விழும். பின்தங்கிவிட்டால் பின்னாலிருந்து ஓட்டிக்கொண்டு வராதீர்கள், குரல் கொடுத்தால் வழிகாட்டி நிற்பார்.

புதியவர் ஏறியிருக்கிறார் என்று குதிரைக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், உடனே புல்லுக்குத் தலையைக் குனியும். முதல் தடவையே லகானைக் குட்டையாகப் பிடித்து, இரண்டு காலாலும் அழுத்தி நடக்கவிடுங்கள். பாவம் என்று ஒரு வாய் விட்டால் வழி முழுக்க மேய்ச்சல்தான்.

ஏற்றத்தில் உடம்பை லேசாக முன்னால் சாயுங்கள், லகானைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், அதற்குக் கழுத்தை நீட்ட வேண்டும். இறக்கத்தில் நிமிர்ந்து, குதிகாலை அழுத்தி உட்காருங்கள். கிளை வந்தால் குனியுங்கள், கையால் தள்ளிவிட்டால் அது திரும்ப வந்து பின்னால் வருகிறவரின் முகத்தில் அடிக்கும். ஓடையில் நின்று முன்னங்காலால் தண்ணீரைத் தட்டினால் புரளப்போகிறது என்று அர்த்தம், உடனே காலால் அழுத்தி நகர்த்துங்கள்.

ட்ராட் என்கிற குலுக்கு ஓட்டம் வேண்டுமா என்று வழிகாட்டி கேட்டால், குழுவில் ஒருவருக்கு வேண்டாம் என்றாலும் யாருக்கும் வேண்டாம். முன்குதிரை ஓடினால் உங்கள் குதிரையும் ஓடும், அதனால் வேண்டாம் என்று தோன்றினால் கேட்ட உடனே சத்தமாகச் சொல்லிவிடுங்கள். திரும்பும் வழியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: லாயம் நெருங்க நெருங்கக் குதிரைகள் வேகத்தைக் கூட்டும். அங்கே ஓடவிடுகிற வழிகாட்டி சரியில்லை.

மிரண்டால்? பறக்கும் பிளாஸ்டிக் பை, புதரிலிருந்து எழும் பறவை, திடீரென்று வரும் சைக்கிள், எதற்கும் மிரளலாம். கத்தாதீர்கள், முன்னால் குனியாதீர்கள். குதிகாலைக் கீழே அழுத்தி, பின்னால் கனமாக உட்கார்ந்து, பிடரி மயிரைப் பிடியுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று எட்டு வைத்துவிட்டு நின்றுவிடும். ஓடவே ஆரம்பித்துவிட்டால், இரண்டு லகானையும் சேர்த்து இழுத்துக்கொண்டே இருப்பதைவிட, இடம் அகலமாக இருந்தால் ஒரு பக்க லகானைச் சிறிது சிறிதாகக் குறைத்து வட்டமாகத் திருப்புங்கள். கிளம்பும் முன்பே இதைச் செய்துகாட்டச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். யாராவது விழுந்தால் எல்லாரும் நிற்க வேண்டும், ஓடும் குதிரையைத் துரத்தினால் மற்றவையும் ஓடும். தலையில் அடிபட்டவர் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், அந்த ஹெல்மெட்டை மறுபடி யாரும் போடக்கூடாது.

இறங்கிய பிறகு

இறங்கும்போது முதலில் இரண்டு கால்களையும் அங்கவடியிலிருந்து எடுங்கள், அப்புறம் முன்னால் சாய்ந்து வலது காலைப் பின்னால் சுழற்றி வழுக்கி இறங்குங்கள். முழங்கால்களை மடக்கி நில்லுங்கள், கால் ஒரு நிமிடம் தள்ளாடும், அதுவரை சேணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். பிடரி முடிகிற தோள்மேட்டில் விரலால் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்கிற இடம் அது, நிறையக் குதிரைகள் அதில் சொக்கிப்போய் உதட்டை நீட்டும். தின்ன ஏதாவது கொடுக்க ஆசையாக இருந்தால் கேட்டுவிட்டு, விரல்களைச் சேர்த்துத் தட்டையாக நீட்டிய உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள்.

மறுநாள் உள்தொடையும் உட்காரும் எலும்பும் வலிக்கும். அன்றைக்கே கொஞ்சம் நடந்து, கால்களை நீட்டி மடக்கினால் வலி குறையும், மறுநாளைக்கு நீண்ட நடையோ மலையேற்றமோ திட்டமிடாதீர்கள். இன்னொரு சவாரிக்கு மனசு இழுத்தால் இரண்டு மணி நேரப் பாதைக்கு நேரே போகாமல், வேலிக்குள் தனியாக ஒரு பாடம் எடுத்துவிட்டுப் போங்கள்.