படகு டிரெய்லருக்கு மாற்று ஸ்பிரிங்: வாங்கும் முன் எதை அளக்க வேண்டும்

டிரெய்லர் ஸ்பிரிங் உடைந்ததும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய் "இதே மாதிரி கொடுங்கள்" என்று கேட்பார்கள். பல நேரம் அதுவே போதும். ஆனால் அந்தப் பழைய ஸ்பிரிங் உங்கள் படகுக்குச் சரியானதுதானா என்பது வேறு கேள்வி. டிரெய்லர் இரண்டு மூன்று பேர் கைமாறியிருக்கலாம், நடுவில் யாரோ அவசரத்துக்குக் கிடைத்ததை மாட்டியிருக்கலாம், படகில் முன்பு இருந்ததைவிடப் பெரிய மோட்டார் ஏறியிருக்கலாம். உடைந்த ஸ்பிரிங் ஏன் உடைந்தது என்று பார்க்காமல் அதையே மறுபடி வாங்கினால் அதே இடத்தில் மறுபடி உடையும். அதனால் அளவு நாடாவை எடுப்பதற்கு முன்னால் எடையைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன விஷயம். உங்கள் டிரெய்லரில் இருப்பது பட்டை ஸ்பிரிங்தானா, அதாவது வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டியதுதானா என்று குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்ஸில் குழாயின் இரு முனையிலும் குட்டையான கை ஒன்று நீண்டு, அதன் நுனியில் சக்கரம் இருந்தால் அது டார்ஷன் ஆக்ஸில். குழாய்க்குள் இருக்கும் ரப்பர்தான் அங்கே ஸ்பிரிங் வேலையைச் செய்கிறது, அது தளர்ந்துவிட்டால் பொதுவாக ஆக்ஸிலையே மாற்ற வேண்டியிருக்கும். இனி சொல்வதெல்லாம் பட்டை ஸ்பிரிங்குக்கு.

எடைக்கு வருவோம். படகு விற்பவர் தாளில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் வெறும் படகின் எடைதான். அதில் மோட்டார் இருக்காது, எரிபொருள் இருக்காது, பேட்டரி, நங்கூரம், கயிறு, லைஃப் ஜாக்கெட், ஐஸ் பெட்டி எதுவும் இருக்காது. பெட்ரோல் ஒரு லிட்டர் ஏறக்குறைய முக்கால் கிலோ, தண்ணீர் சரியாக ஒரு கிலோ. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படகு 550 கிலோ, மோட்டார் 140, டாங்கில் 80 லிட்டர் பெட்ரோல் 60, இரண்டு பேட்டரி 45, மற்ற சாமான்கள் 85 என்றால் 880 கிலோ ஆகிறது. டிரெய்லரின் சொந்த எடை 320 என்று வைத்தால் மொத்தம் 1200. இதில் ஒரு பங்கை இழுக்கும் வண்டியின் கொக்கி தாங்கிக்கொள்ளும். படகு டிரெய்லரில் அது மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை இருப்பது வழக்கம், இங்கே 100 கிலோ என்று எடுத்துக்கொள்வோம். மீதி 1100. ஆக்ஸில், ஹப் (சக்கரம் பொருந்தும் நடுக்குடம்), சக்கரம், டயர் இவை ஸ்பிரிங்கின் மேல் உட்காருவதில்லை, நேராகத் தரையில் நிற்கின்றன, அதற்கு ஒரு 100 கழித்தால் 1000. இரண்டு ஸ்பிரிங்குக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 500 கிலோ. இதற்கு மேல் 15, 20 சதவீதம் இடம் விட்டு, 600 கிலோ தாங்கும் ஸ்பிரிங் தேடினால் சரியாக இருக்கும். இரட்டை ஆக்ஸில் என்றால் இரண்டாவது ஆக்ஸில், சக்கரங்களின் எடையையும் சேர்த்துக் கழித்துவிட்டு நான்கால் வகுக்க வேண்டும்.

காகிதக் கணக்கைவிட நம்பகமானது எடை மேடை. கடலுக்குப் போகும் நாளில் இருப்பதுபோலவே படகை முழுதாக ஏற்றி, டாங்கை நிரப்பி, டிரெய்லரை வண்டியில் மாட்டியபடியே டிரெய்லர் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்துங்கள். கொக்கி எடை கழிந்த எண் அப்படியே கிடைத்துவிடும், ஊகமே வேண்டாம்.

இங்கே பலர் சறுக்கும் ஒரு இடம் உண்டு. ஸ்பிரிங்கின் தாங்குதிறனைச் சிலர் ஒரு ஸ்பிரிங்குக்கு என்று சொல்கிறார்கள், சிலர் ஜோடிக்கு என்று சொல்கிறார்கள். ஜோடிக்கு 600 என்பதை ஒன்றுக்கு 600 என்று எடுத்துக்கொண்டால் பாதி பலத்தில்தான் வாங்கியிருப்பீர்கள். வாங்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வராதீர்கள்.

"கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டுமே" என்று நினைப்பதும் தவறு, சொல்லப்போனால் இதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஸ்பிரிங்கின் வேலையே வளைந்து கொடுப்பது. தேவையைவிடப் பலமானதை மாட்டினால் அது வளையாது, சாலையின் ஒவ்வொரு குழியும் நேராக சேசிஸுக்கும் அங்கிருந்து படகின் அடிப்பாகத்துக்கும் போகும். வெல்டிங் விரிசல் விடும், ரோலர் பிராக்கெட் தளரும், வேகமாகப் போகும்போது டிரெய்லர் துள்ளும். பலம் குறைந்ததை மாட்டினால் ஆக்ஸில் மேலே வந்து சேசிஸில் இடிக்கும், டயர் மட்கார்டில் உரசும், பட்டை எதிர்ப்பக்கமாக வளைந்து கடைசியில் உடையும். இன்னொன்றும் மறக்க வேண்டாம். பலமான ஸ்பிரிங் போட்டதால் டிரெய்லரின் மொத்தத் தாங்குதிறன் கூடிவிடாது. ஆக்ஸில், பேரிங், டயர், கப்ளர் (வண்டியின் கொக்கியில் மாட்டும் டிரெய்லரின் முன்முனை) இவற்றில் எது மிகக் குறைவானதோ அதுதான் உங்கள் எல்லை.

சரி, எவ்வளவு பலம் வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அதை ஸ்பிரிங்கைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டைகளை எண்ணினால் போதும் என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். பழையதில் நான்கு பட்டை, புதியதில் நான்கு பட்டை, நீளமும் அகலமும் ஒன்றுதான் என்று திருப்தியாக மாட்டிவிட்டேன். முதல் பயணத்திலேயே டிரெய்லர் குதித்துக் குதித்து வந்தது, படகு உட்காரும் தாங்குகட்டைகளின் போல்ட் இரண்டு தளர்ந்துபோயிருந்தன. அப்புறம் வெர்னியர் வைத்துப் பார்த்தால் பழைய பட்டை 6 மில்லிமீட்டர், புதியது 7. ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று தோன்றும், ஆனால் பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிப்படி, அதாவது தடிமன் × தடிமன் × தடிமன் என்ற விகிதத்தில் கூடுகிறது. 6 இடத்தில் 7 வந்தால் விறைப்பு ஏறக்குறைய 60 சதவீதம் அதிகம். நீளம் இதற்கு நேர்மாறு, 10 சதவீதம் குட்டையான ஸ்பிரிங் 37 சதவீதம் விறைப்பாக இருக்கும். பட்டைகளின் எண்ணிக்கையும் அகலமும்தான் நேர் விகிதத்தில் வேலை செய்கின்றன. அதனால் எண்ணிக்கையோடு நிற்காமல் ஒவ்வொரு பட்டையின் தடிமனையும் குறித்துக்கொள்ளுங்கள். துரு ஊதிப்போன இடத்தில் அளக்காதீர்கள், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து உலோகம் தெரிந்த இடத்தில் அளந்து பாருங்கள். துரு அரித்து ஒரு பட்டையின் தடிமன் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தாலே அதன் விறைப்பு நாலில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கும், உடையாத பக்கத்து ஸ்பிரிங்கும் தளர்ந்து தொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து வடிவம். இரண்டு முனையிலும் கண், அதாவது போல்ட் நுழைய வளையமாகச் சுருட்டிய பகுதி இருந்தால் ஒரு வகை. முன் கண் சேசிஸில் உள்ள ஹேங்கர் என்ற பிடியில் நிலையாக இருக்கும், பின் கண் ஷாக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்கி முன்னும் பின்னும் ஆடும். இன்னொரு வகைக்கு முன்னால் மட்டும் கண், பின் முனை தட்டையாகவோ கொக்கிபோல் வளைந்தோ இருந்து ஒரு பெட்டிக்குள் வழுக்கி நகரும். கொக்கி இருந்தால் அது ஒரு குறுக்கு போல்ட்டைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் தூக்கிப்போடும்போது ஸ்பிரிங் கீழே நழுவாமல் காக்கும். ஒரு வகைக்குப் பதில் இன்னொன்றை மாட்ட வேண்டுமென்றால் ஹேங்கரையே வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். அந்த வேலைக்குப் போகாமல் இருக்கும் வகையையே வாங்குவது நல்லது.

நீளத்தை அளக்கும்போது வளைவின் மேல் நாடாவை ஓட்டக் கூடாது. ஒரு கண்ணின் நடுவிலிருந்து மறு கண்ணின் நடுவுக்கு நேர்க்கோட்டில் அளக்க வேண்டும், அதுவும் சுமை இல்லாமல். சுமை ஏறினால் ஸ்பிரிங் தட்டையாகி நீளும், தளர்ந்துபோன பழைய ஸ்பிரிங்கும் புதிதாக இருந்ததைவிட நீளமாகத்தான் காட்டும். இந்தக் காரணத்தாலேயே வளைவின் உயரத்தைப் பழையதிலிருந்து எடுக்காதீர்கள், அது ஏற்கெனவே செத்துப்போன அளவு. டிரெய்லரில் அளக்க வேண்டியது முன் ஹேங்கர் துளைக்கும் பின் ஹேங்கர் துளைக்கும் உள்ள தூரம், அது மாறாது.

அதோடு முன் கண்ணிலிருந்து சென்டர் போல்ட் (பட்டைகளை ஒன்றாகக் கோக்கும் போல்ட்) வரை ஒரு அளவு, சென்டர் போல்ட்டிலிருந்து பின் முனை வரை ஒரு அளவு, இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். சென்டர் போல்ட் பெயருக்குத்தான் சென்டர், பல ஸ்பிரிங்கில் அது நடுவில் இருப்பதில்லை. இதைக் கவனிக்காமல் வாங்கினாலோ முன்பின் மாற்றி மாட்டினாலோ ஆக்ஸில் சில சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்து கொக்கி எடையையே மாற்றிவிடும். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் டிரெய்லர் நேராக வராது, ஒருக்களித்து வரும், டயர் சீக்கிரம் தேயும். சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸிலில் உள்ள குழிக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதால் அதன் விட்டத்தையும் பாருங்கள். அகலம் பெரும்பாலும் 45 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில், அதாவது ஒன்றே முக்கால் அங்குலம் இருக்கும், ஆனால் 60 மில்லிமீட்டரும் புழக்கத்தில் உண்டு.

கண்ணுக்குள் போகும் போல்ட் அரை அங்குலமா, பதினாறில் ஒன்பது அங்குலமா என்பதில் குழப்பம் வரும். 12.7 மில்லிமீட்டரும் 14.3 மில்லிமீட்டரும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். சின்ன போல்ட் பெரிய புஷ்ஷுக்குள் (கண்ணுக்குள் இருக்கும் உறை) போய்விடும், ஆனால் ஆடி ஆடி இரண்டையும் தின்றுவிடும். பழைய போல்ட்டின் தேய்ந்த நடுப்பகுதியை அளக்காமல் தலைக்குப் பக்கத்தில் தேயாத இடத்தில் அளந்தால் உண்மை தெரியும். நைலான் புஷ் துருப்பிடிக்காது, விலையும் குறைவு, ஆனால் சீக்கிரம் தேயும். வெண்கலப் புஷ் நீண்ட நாள் உழைக்கும், கிரீஸ் ஏற்ற வசதியுள்ள போல்ட்டோடு போட்டால்தான் அதன் பலன் முழுதாகக் கிடைக்கும்.

இனி உப்பு. சாதாரண டிரெய்லருக்கு இல்லாத தலைவலி இது. கடலில் படகை இறக்கும் ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிங் உப்புத் தண்ணீரில் முங்கி எழுகிறது. வெளியே தெரியும் பரப்பு காய்ந்துவிடும், பட்டைக்கும் பட்டைக்கும் இடையே புகுந்த தண்ணீர் காயாது, அங்கேதான் துரு ஊதிப் பட்டைகளைப் பிரிக்கிறது. கடல் தண்ணீருக்கு கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) செய்ததையே தேடுங்கள், வெறும் கறுப்பு பெயிண்ட் அடித்தது முதல் உரசலோடு போய்விடும். இன்னொரு யோசனை என் அனுபவத்தில் நன்றாக வேலை செய்தது. ஒரே தாங்குதிறனில் மெல்லிய பட்டைகள் பல உள்ளதும் தடித்த பட்டைகள் சில உள்ளதும் கிடைத்தால், உப்புத் தண்ணீருக்கு இரண்டாவதை எடுங்கள், தண்ணீர் ஒளிந்துகொள்ள இடுக்கு குறைவு. ஏரி, ஆறு மட்டும் என்றால் இதற்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. எதுவாக இருந்தாலும் படகைக் கரையேற்றியதும் நல்ல தண்ணீரை ஸ்பிரிங்கின் இடுக்குகளில் பீய்ச்சிக் கழுவுங்கள், மேலே மட்டும் தெளித்தால் போதாது.

ஒரு பக்கம் மட்டும் உடைந்திருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். பழையதும் புதியதும் ஒரே ஆக்ஸிலில் இருந்தால் டிரெய்லர் ஒரு பக்கம் சாயும். ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டும் அதன் நட்டும் கண்டிப்பாகப் புதிது. ஒருமுறை இறுக்கிய யூ போல்ட் இழுபட்டு நீண்டிருக்கும், மறுபடி இறுக்கினால் அதே பிடி வராது. வாங்கும் முன் ஆக்ஸில் குழாய் உருளையா சதுரமா, எத்தனை மில்லிமீட்டர், ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படகு தாழ்வாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பல டிரெய்லரில் ஸ்பிரிங்கைக் கீழே கட்டியிருப்பார்கள், மேலே மாற்றினால் டிரெய்லர் சட்டென்று உயர்ந்துவிடும்.

மாட்டும் வேலை பெரிதில்லை, ஆனால் படகு ஏறியிருக்கும்போது வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். முடிந்தால் படகை இறக்கிவிட்டு, டிரெய்லரை வண்டியோடு மாட்டி, சேசிஸின் கீழே ஸ்டாண்டு கொடுத்துவிட்டு ஒரு பக்கம் முடித்தபின் மறுபக்கம் செய்யுங்கள். ஒரு பக்கம் மாட்டியபடியே இருந்தால் ஆக்ஸில் இடம் மாறாது. யூ போல்ட்டைக் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக, தயாரிப்பாளர் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்க வேண்டும். ஷாக்கிள் போல்ட்டை மட்டும் ஷாக்கிள் தாராளமாக ஆடும் அளவில் விடுங்கள், அதை நசுக்கி இறுக்கிவிட்டால் ஸ்பிரிங் நீள வழியில்லை. முடித்ததும் கப்ளரின் நடுவிலிருந்து ஆக்ஸிலின் இரு முனைக்கும் நாடா பிடித்துப் பாருங்கள், இரண்டும் 3 மில்லிமீட்டருக்குள் ஒத்துவர வேண்டும். அப்புறம் படகை முழுச் சுமையோடு ஏற்றி, டயருக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி இருக்கிறதா, பட்டையில் இன்னும் கொஞ்சம் வளைவு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். முதல் பயணம் முடிந்ததும் யூ போல்ட் நட்டுகளில் மறுபடி ஸ்பேனர் போடுங்கள், புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்ததும் அவை கொஞ்சம் தளர்ந்திருக்கும்.